பெரியவருக்குத் தேவையான சூடு

அந்த வருஷம் மூன்றாம் மாடிப் பின்பக்க வீட்டுக்கு மட்டும் குளிர்காலம் வரவில்லை. கட்டடத்தின் மற்ற வீடுகளில் தண்ணீர்த் தொட்டியில் கை வைக்க முடியவில்லை, எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே கட்டியாகிக் கிடந்தது, குழந்தைகள் வாயைத் திறந்து புகை விட்டு விளையாடின. பின்பக்க வீட்டில் மின்விசிறி ஓடியது. அந்த வீட்டுச் சுவரை ஒட்டிய நடையில் ஈரத்துணியைப் போட்டால் ஒரு டிவி சீரியல் முடிவதற்குள் காய்ந்துவிடும் என்பதை முதலில் கண்டுபிடித்தவர் எதிர்வீட்டு டெய்லரம்மா. அவர் கண்டுபிடிக்கிற எல்லாவற்றையும் போல அதுவும் மறுநாளே கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. கீழ்வீட்டுக்காரர்கள் வாளியும் கையுமாக மாடி ஏறினார்கள். கட்டடத்துச் சொந்தக்காரருக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. வயரிங் பழசு, யாராவது ஹீட்டர் போட்டால் மொத்தக் கட்டடமும் இருட்டாகிவிடும் என்று எல்லோரையும் மிரட்டி வைத்திருந்தவர் அவர். திருட்டு ஹீட்டரைப் பிடிக்க எலக்ட்ரீஷியனோடு வந்தார். எலக்ட்ரீஷியன் மீட்டரைப் பார்த்தார், பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார், கடைசியில் சுவரில் உள்ளங்கையை வைத்துச் சட்டென்று எடுத்துக்கொண்டார். அந்த வீட்டுப் பெண் நாற்காலியில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது கரண்ட் இல்ல சார். இந்தம்மா யார் மேலயோ கோபமா இருக்காங்க," என்று சொல்லிவிட்டு அவர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வாடகை ஒப்பந்தத்தில் ஹீட்டர் கூடாது என்றுதான் இருந்தது. கோபம் கூடாது என்று எங்கேயும் இல்லை. சொந்தக்காரர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார்.

அந்தப் பெண் ஒரு லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்த்தாள். லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் மணிப்படம் போட்ட மஞ்சள் பொத்தானை அழுத்துவார்கள் அல்லவா, அது மணியடிப்பது அவள் மேஜையில். இரண்டாவது மணிக்குள் எடுக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. அவள் முதல் மணியிலேயே எடுத்துவிடுவாள். பயப்படாதீர்கள், ஆள் கிளம்பியாயிற்று, நான் லைனிலேயே இருக்கிறேன் என்று சொல்வாள். கதவு திறக்கிற வரை லைனை விடக் கூடாது என்பது இன்னொரு விதி. உள்ளே இருப்பவர் அழுதாலும், கெட்ட வார்த்தையில் திட்டினாலும், சும்மா மூச்சு வாங்கினாலும் அவள் லைனை விட்டதில்லை. இந்தப் பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. குளிக்கப் போகும்போதுகூடக் கைபேசியைக் குளியலறை ஜன்னலில் வைத்துக்கொள்வாள். அவளுக்குப் போன் செய்து அவள் எடுக்கவில்லை என்று சொல்ல இந்த உலகத்தில் ஒருவருக்கும் வாய்ப்பில்லை. கட்டடத்தில் எல்லோரும் அவளை லிஃப்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

அவளுடைய அம்மா, ரயிலில் ஒரு பகல் தூரத்தில் இருந்த அண்ணன் வீட்டில் இருந்தார். அங்கே படுத்தார், ஆஸ்பத்திரிக்குப் போனார், இறந்தார். அது லிஃப்டக்காவுக்குத் தெரியவந்தது சித்தியின் போனில், எல்லாம் முடிந்து வந்தவர்கள் கலைந்துபோன பிறகு. சித்தி துக்கம் சொல்லக் கூப்பிடவில்லை, திட்டக் கூப்பிட்டார். "பெத்தவ முகத்தைக் கடைசியா ஒரு தடவை பார்க்கக்கூட உனக்குத் தோணலையா? உங்க அண்ணன் எத்தனை தடவை போன் போட்டிருக்கான், எடுக்கக்கூடவா முடியல?" அம்மா இறந்ததையும், அண்ணன் சொன்ன பொய்யையும் அவள் ஒரே மூச்சில் தெரிந்துகொண்டாள். ரயில் ஏறிப் போனாள். அம்மாவின் கட்டில் மடித்துச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அண்ணன் அவள் முகத்தைப் பார்க்காமல், கூப்பிட்டேன், நீ எடுக்கல என்றான். கைபேசியை எடுத்து, அவள் வந்தது கேட்டுத் திரும்பக் கூடிவிட்ட உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் நீட்டினாள். அவன் பேரில் ஒரு அழைப்பும் இல்லை. நெட்வொர்க் கோளாறாக இருக்கும் என்றான். அப்போதாவது அங்கே ஒருத்தர், ஒரே ஒருத்தர், அது எப்படிடா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இப்ப போய் அதை ஏன் நோண்டுகிறாய் என்று அவளைத்தான் அடக்கினார்கள். பொய் சொன்னவன் வீட்டுக்காரன், எதிர்த்துக் கேட்டவள் வந்துபோகிறவள். சொந்தபந்தத்தின் நியாயம் அவ்வளவுதான். அவள் திரும்பி வந்து, தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் சுவர் மெல்லச் சூடேற ஆரம்பித்தது. அது மழைக்காலம், யாரும் கவனிக்கவில்லை.

அண்ணனுக்கும் ஒன்று நடந்தது. அவன் தரைக்கு ஒட்டுகிற டைல்ஸை மொத்தமாக வாங்கி விற்கிறவன். வியாபாரம் முழுக்கப் போனில்தான். அந்தப் பொய்யைச் சொன்ன வாரத்திலிருந்து அவன் யாரைக் கூப்பிட்டாலும் அவர்கள் எடுக்கவில்லை. மணி அடிக்கும், அவர்களுக்கும் கேட்கும், திரையில் அவன் பேரும் தெரியும், ஆனால் எடுக்கத் தோன்றாது. பக்கத்து அறையில் இருந்த அவன் மனைவி, அடிக்கிற போனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, திரும்பவும் வெங்காயம் நறுக்கப் போய்விடுவாள். போனை மாற்றினான், நம்பரை மாற்றினான், இரவல் போனில் கூப்பிட்டுப் பார்த்தான். லாரிக்காரர், கடைக்காரர், டாக்டர், ஒருவரும் எடுக்கவில்லை. அவன் கூப்பிட்டுப் பார்க்காத ஒரே ஆள் தங்கைதான். அந்த நம்பரைத் தொட அவனுக்குத் தைரியம் வரவில்லை.

பெரியவர் வந்துசேர்ந்தது குளிர் தொடங்கிய சமயத்தில். ஒரு மத்தியானம் லிஃப்டக்காவின் மேஜையில் மணி அடித்தது. மாட்டிக்கொண்டவர் ஒரு ஜிம் மாஸ்டர், குரல் நடுங்கியது. தனியாகத்தான் இருக்கிறீர்களா என்று விதிப்படி கேட்டாள். இல்லை, கூட ஒரு டாரண்டுலா இருக்கிறது என்றார். கையகலத்துக்கு வளர்கிற, உடம்பெல்லாம் மயிர் அடர்ந்த எட்டுக்கால் பூச்சி. சிலர் கண்ணாடிப் பெட்டியில் வைத்து ஆசைக்கு வளர்ப்பது. ஆள் போய்ச் சேரும்வரை பேச்சுக் கொடுக்க வேண்டுமே என்று அவள் விசாரித்தாள், அவரும் கொட்டித் தீர்த்தார். குட்டியாக வாங்கும்போது பெண் என்று சொல்லிக் கொடுத்தார்களாம். பெண் என்றால் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். மகாராணி என்று பேர் வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டவர். போன மாதம் அது தோல் உரித்துக்கொண்டு எழுந்தபோது முன்னங்கால்களில் கொக்கி முளைத்திருந்தது, வாயோரத்துக் குட்டைக் கைகள் இரண்டும் குத்துச்சண்டைக்காரன் உறை மாட்டியது போல நுனியில் உருண்டிருந்தன. ஆண். முதிர்ந்த ஆண் அதற்கு மேல் தோல் உரிப்பதில்லை. சரியாகச் சாப்பிடாது, ஜோடியைத் தேடி ராத்திரியெல்லாம் நடக்கும், ஒரு வருஷம் ஒன்றரை வருஷத்தில் போய்விடும். கடைக்காரன் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டான். அதனால் பார்க்கில் விட்டுவிடலாம் என்று கிளம்பியபோதுதான் லிஃப்ட் நின்றுவிட்டது.

"இத்தனை வருஷமா என்னை ஏமாத்திடுச்சும்மா," என்றார் மாஸ்டர்.

"அது எங்க சார் ஏமாத்துச்சு? அது பாட்டுக்கு அதுவா இருந்துச்சு. மகாராணின்னு பேர் வெச்சது நீங்க. இந்தக் குளிர்ல வெளியே விட்டா அது செத்துடும், அது உங்களுக்கும் தெரியும்," என்றாள் லிஃப்டக்கா. மாட்டிக்கொண்டவரிடம் அவள் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. கதவைத் திறக்கப் போயிருந்த மெக்கானிக்கிடம், அந்த ஆளை விடு, பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டாள். மெக்கானிக்கின் பேர் ஸ்பேனர். பின்பாக்கெட்டில் எப்போதும் ஒன்று இருப்பதால் எங்கேயும் நேராக உட்காரமாட்டான். அவன் பெட்டியைத் தன் சட்டைக்குள் பாதி நுழைத்து, ஸ்கூட்டரில் காற்றுப் படாமல் கொண்டுவந்து சேர்த்தான். உள்ளே பார்த்துவிட்டு, "ரொம்பத் தளர்ந்துபோன பெரியவரா இருக்காரே அக்கா," என்றான். பேர் அதுவே ஆகிவிட்டது.

பெரியவரை வைத்துக்கொள்ளும் விதத்தை அவள் கேட்டும் படித்தும் திட்டு வாங்கியும் கற்றுக்கொண்டாள். பெட்டி உயரமாக இருக்கக் கூடாது. ஏறி விழுந்தால் வயிறு தண்ணீர் பலூன் போலப் பிளந்துவிடும். அதனால் தேங்காய் நார்த்தூளைப் பாதிக்கு மேல் கொட்டி நிரப்பினாள். உடைந்த பூந்தொட்டி ஒன்றைப் படுக்கவைத்து அவருக்கு அறையாகக் கொடுத்தாள். சாப்பாட்டைவிடத் தண்ணீர் முக்கியம். ஜாம் பாட்டில் மூடியில் தண்ணீர் எப்போதும் விளிம்புவரை இருந்தது. சாப்பாட்டுக்குக் கடையில் வளர்த்து விற்கிற கரப்பான். என் சமையலறையில் இல்லாத கரப்பானா என்று டெய்லரம்மா தாராளமாக முன்வந்தார். மருந்து அடித்த வீட்டுக் கரப்பான் ஆகாது என்றதும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. பெரியவர் தொடாத கரப்பானை உடனே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அது அவரைக் கடித்துவிடும். அவருக்கு ஒரு கால் போனால் இனிமேல் முளைக்காது. பெட்டிக்குள் கையை விடக் கூடாது என்பதை ஒரு தடவை விட்டுத் தெரிந்துகொண்டாள். அவர் பின்னங்காலால் வயிற்று மயிரை உதைத்துத் தள்ளினார், அவளுக்குக் கழுத்துவரை அரித்துத் தள்ளியது. பொழுது சாய்ந்தால் நடக்க ஆரம்பிப்பார். கண்ணாடி ஓரமாகச் சுற்றிச் சுற்றி வந்து, நின்று, முன்னங்கால்களால் தட்டுவார். எங்கோ ஒரு பெண் பூச்சி பதிலுக்குத் தட்டுமா என்று கேட்கிற தட்டல் அது. எதுவும் பதில் சொல்லாததால் லிஃப்டக்கா படுக்கையிலிருந்தபடியே, "இருக்கேன், இருக்கேன்," என்பாள்.

மாஸ்டர் வீட்டில் ஒரு மூலையில் சுருண்டு கிடந்தவர் இங்கே வந்த வாரத்திலேயே நிமிர்ந்து நின்றதற்குக் காரணம் அவளுடைய கைராசி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உண்மை தெரிந்தது கம்பெனி நடத்திய ஒரு வகுப்புக்குப் பிறகு. ஊழியர்களின் மன அமைதிக்காக எங்கிருந்தோ ஒருவரை வரவழைத்திருந்தார்கள். அவர் கோபத்தை மூச்சோடு வெளியே விடச் சொன்னார், மன்னிப்பது நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளும் பரிசு என்றார். மன்னிப்புக் கேட்காதவனை எப்படி மன்னிப்பது என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. லிஃப்டக்கா அவர் சொன்ன பேச்சைக் கேட்டு, வீட்டுக்கு வந்து கண்ணை மூடி மூச்சு விட்டாள். நன்றாகத்தான் இருந்தது. தோள் இறங்கியது, பல் கடிப்பது நின்றது. நடையில் துணி எடுக்க வந்தவர்கள், என்ன இன்னும் ஈரமாகவே இருக்கிறது என்று பேசிக்கொண்டது கேட்டது. கண்ணைத் திறந்து பார்த்தபோது ஜன்னல் கண்ணாடியில் பனி படிந்திருந்தது. பெரியவரின் எட்டுக் கால்களும் வயிற்றுக்கு அடியில் மடங்கிக் கிடந்தன. அந்த ஜாதி சாகிற விதம் அது.

ஊதினாள், போர்வையைப் பெட்டிமேல் போட்டாள், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, அண்ணன் சொன்னதைச் சத்தமாகச் சொன்னாள்: கூப்பிட்டேன், நீ எடுக்கல. திரும்பவும் சொன்னாள். நெட்வொர்க் என்றதையும், இப்ப அதை ஏன் நோண்டுகிறாய் என்று அத்தனை பேரும் சொன்னதையும், மடித்துச் சாய்த்த கட்டிலையும் ஒவ்வொன்றாக நினைத்தாள். சுவர் சூடேறியது. பெரியவர் ஒரு காலை நீட்டினார், அப்புறம் இன்னொன்றை. அன்றிலிருந்து அது அவளுக்கு ஒரு வீட்டுவேலை ஆகிவிட்டது. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் அடுப்பை அணைத்தோமா என்று பார்ப்பதுபோல, கோபம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள். சாயங்காலம்வரை சுவர் தாங்கும். அவளுடைய கோபத்தை இதுவரை எல்லோரும் ஒரு வியாதி மாதிரிதான் பார்த்தார்கள். அது வேண்டும், அது இல்லாமல் முடியாது என்று இருந்த முதல் ஜீவன் பெரியவர்தான். தான் அமைதியாகிவிட்டால் இந்தக் குளிரில் அவர் செத்துப்போவார் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் சமாதானம் பேசச் சித்தி வந்தார். ஸ்வெட்டரோடு உள்ளே வந்தவர் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் முந்தானையால் விசிற ஆரம்பித்துவிட்டார். உங்கள் அண்ணன் பாதி ஆளாகிவிட்டான், வியாபாரம் படுத்துவிட்டது, என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவன், ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்கு, நீயாவது விட்டுக்கொடு என்றார். லிஃப்டக்கா டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள்; சித்தி வாயருகே கொண்டுபோவதற்குள் அது கொதித்தது. என் மேல் என்ன தப்பு சித்தி என்று மட்டும் கேட்டாள். சித்தி யோசித்துப் பார்த்து, நீ அடிக்கடி வந்து பார்த்திருக்கலாம் என்று மென்று முழுங்கினார். அந்த நிமிஷம் பெரியவர் பெட்டிக்குள் ஒரு சுற்று ஓடியே வந்தார். "என்னடி இது, வீட்டுக்குள்ள சனியனை வளர்க்கிற," என்று சித்தி எழுந்துவிட்டார். அவர் போன பிறகும் அந்த வீட்டுச் சுவர் இரண்டு நாளுக்கு யாரும் தொடமுடியாதபடி இருந்தது. அறிவுரை சொல்ல வருகிறவர்களால் பெரியவருக்கு நன்மைதான் நடந்தது.

சித்தியின் தூது பலிக்காததால் அண்ணனே கிளம்பி வந்தான். அவன் மனைவி அவனிடம், எடுக்கலைன்னு நீங்க சொன்னதுதான் இப்படித் திரும்பி அடிக்குது, போய்த் தொலையுங்க என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே எல்லாம் தெரியும், வாயைத் திறக்காமல் இருந்தாள், அதற்கும் சேர்த்துத்தான் லிஃப்டக்கா பிறகு அவளோடு பேசவில்லை. அண்ணன் வீட்டுக்குப் போகாமல் நேரே ஆபீசுக்கு வந்தான். கட்டடம் கம்பெனிக்குச் சொந்தம், லிஃப்ட்டும் கம்பெனி செய்ததுதான், ஆனால் நம்ம வீட்டு லிஃப்ட்தானே, அப்புறம் பார்த்துக்கலாம் என்று ஸ்பேனர் தள்ளிப்போட்டு வந்த லிஃப்ட். அண்ணனைச் சுமந்துகொண்டு ஏறி, நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றது. அவன் கைபேசியில் நாலைந்து பேரைக் கூப்பிட்டான். வழக்கம்போல யாரும் எடுக்கவில்லை. மஞ்சள் பொத்தானை அழுத்தினான்.

முதல் மணியில் எடுத்தாள். "பயப்படாதீங்க, நான் லைன்ல இருக்கேன். உள்ளே எத்தனை பேர் இருக்கீங்க?"

மறுபக்கத்திலிருந்து அண்ணன் குரல், "எடுத்துட்டியா," என்றது.

"நான் எப்பவும் எடுப்பேன்," என்றாள்.

அவன் அழுதான். உன்கிட்ட ஒண்ணு சொல்லத்தான் வந்தேன் என்றான். அது என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எந்த வார்த்தைக்காக இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாளோ அது அந்த ஒயரின் மறுமுனையில் வந்து நின்றது. அவள் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே எதிர்க் கட்டடம் தெரியாத அளவுக்குப் பனி. அண்ணன் அதைச் சொல்லிவிட்டால் தான் அமைதியாகிவிடுவோம், சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது பெரியவர் கால் மடங்கிக் கிடப்பார் என்று பயந்தாள்.

"இப்ப சொல்லாத அண்ணா. குளிர் முடியட்டும். அப்புறமா வந்து சொல்லு," என்றாள்.

அவனுக்கு அது விளங்கவில்லை. தன்னை விரட்டுகிறாள் என்று நினைத்து ஒரேயடியாகக் கொட்டிவிட்டான். "நான் கூப்பிடவே இல்ல. அம்மா கடைசிவரைக்கும் நினைவோடதான் இருந்தாங்க. அவளுக்குப் போன் போடு, போன் போடுன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. போட்டேம்மா, எடுக்க மாட்டேங்கறான்னு அவங்ககிட்டயும் சொல்லிட்டேன்."

அந்த அறையில் வேலை பார்த்தவர்கள் அடுத்து நடந்ததை இப்போதும் சொல்வார்கள். அவள் கையில் இருந்த ரிசீவர் இளகி, விரல் விரலாகப் பள்ளம் விழுந்தது. மேஜைமேல் இருந்த பிளாஸ்டிக் தட்டு வளைந்து தொங்கியது. யாரோ ஓடிப்போய் ஜன்னல்களைத் திறந்தார்கள். அவள் ஏன் என்று கேட்டாள். அவன் சொன்னான்: "அத்தனை நாளும் பக்கத்துல இருந்து பார்த்தது நான். நீ வந்தா அவங்க உன் கையைத்தான் பிடிச்சுப்பாங்க."

கூப்பிட்டும் மகள் எடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு ஒரு அம்மா செத்துப்போனார். இதை எந்தச் சித்தி வந்து சமாதானம் பேசுவார்? எந்த மூச்சுப் பயிற்சியில் இது வெளியே போகும்? லிஃப்டக்கா கத்தவில்லை. கதவு திறக்கும்வரை லைனை விடக் கூடாது, அவள் விடவில்லை. ஸ்பேனர் மேலே நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தான், அன்றைக்குக் கதவைத் திறக்க அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று. அண்ணனும் தங்கையும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அவள், "என்கிட்ட சொன்னது பத்தாது. நான் எடுக்கலைன்னு யார் யார்கிட்ட சொன்னியோ, ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போய் வாசல்ல நின்னு உண்மையைச் சொல்லு," என்றாள். சரி என்றான். "அம்மாகிட்ட எப்படிப் போய்ச் சொல்லுவ?" என்று கேட்டாள். கதவு திறந்துவிட்டது என்று ஸ்பேனர் குரல் கொடுத்ததும் விதிப்படி நன்றி சொல்லி ரிசீவரை வைத்தாள், அது விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

அண்ணனைப் பார்க்காமல் பின்படி வழியாக இறங்கி வீட்டுக்கு ஓடினாள். கேட்கவேண்டியதைக் கேட்டாகிவிட்டது, இனி எல்லாம் ஆறிப்போய்விடும் என்ற பயம் அவளுக்குப் போகவில்லை. மூன்று மாடியும் மூச்சு வாங்க ஏறினால், நடையில் டெய்லரம்மா துணியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போட்டால் கருகுகிறது என்று புகார் சொன்னார். உள்ளே பெரியவர் தண்ணீர் மூடியில் முகத்தை வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். அவள் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, அம்மா இறந்த செய்தி வந்ததிலிருந்து அழாத அழுகையை அழுதாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கும் முன்பே காய்ந்தது.

அண்ணன் சொன்னபடி செய்தான். போனில் சொல்ல வழியில்லாததால் வீடு வீடாக நடந்தான். சிலர் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள், சிலர் வாசலிலேயே காறித் துப்பினார்கள். எந்த வீட்டில் உண்மையைச் சொல்லி முடித்தானோ அந்த வீட்டார் மறுநாளிலிருந்து அவன் போனை எடுக்க ஆரம்பித்தார்கள். சித்தி லிஃப்டக்காவைக் கூப்பிட்டு, தெரியாமப் பேசிட்டேம்மா என்றார். சரி சித்தி என்றாள். ஒவ்வொருவராக வருத்தம் சொல்லி முடித்தார்கள், சுவரில் ஒரு பொட்டுச் சூடு குறையவில்லை. உண்மைதான் வெளியே வந்துவிட்டதே, இன்னும் என்ன என்று உறவுக்காரர்கள் சலித்துக்கொண்டார்கள். அண்ணனை மன்னித்துவிட்டாயா என்று டெய்லரம்மா கேட்டதற்கு, அதை இன்னும் யோசிக்கலக்கா, கோபம் இருக்கு, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றாள். அதற்குப் பிறகு அவள் காலையில் அதைச் சரிபார்ப்பதை விட்டுவிட்டாள். டெய்லரம்மாவோடு உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்த நாளிலும் மின்விசிறி ஓடியது. அண்ணன் மாதம் ஒரு முறை ரயிலேறி வந்தான். வந்து அந்தச் சூட்டில் சட்டை நனைய உட்கார்ந்திருப்பான். அவளும் போ என்று சொல்லவில்லை. கொஞ்ச காலம் கழித்துப் பெரியவருக்குத் தண்ணீர் மாற்றும் வேலையை அவனிடம் கொடுத்தாள், மூடியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டினாள்.

பெரியவர் மாஸ்டர் சொன்ன ஒரு வருஷத்தைத் தாண்டி, அடுத்த குளிர்காலத்தையும் பார்த்தார். அதற்குள் தடுமாற ஆரம்பித்துவிட்டார். முன்னங்கால் தரையில் ஊன்றாமல் வழுக்கியது, தட்டல் குறைந்தது, தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தேடினார். லிஃப்டக்கா மூடியை அவர் வாயருகே நகர்த்தி வைத்தாள். ஒரு நாள் காலை அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது பூந்தொட்டிக்கு வெளியே வந்து, கால்களை ஒவ்வொன்றாக அடியில் மடித்துக்கொண்டார். அவள் முதலில் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். கை சுட்டது. அவர் குளிரில் போகவில்லை, வயதாகிப் போனார்.

உட்காருவதற்கு முன்பே கைபேசியை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள். அவன் உடனே எடுத்தான்.

"அண்ணா, பெரியவர் போயிட்டார். இப்பதான். உனக்குத்தான் முதல்ல சொல்றேன், கிளம்பி வா," என்றாள். அவன் இதோ வர்றேன் என்றான். அவள் லைனை விடவில்லை. "பார்த்தியா, இவ்வளவுதான். இவ்வளவுதான் அம்மா உன்னை அன்னைக்குச் செய்யச் சொன்னாங்க," என்றாள்.

ஆபீசுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். ஸ்பேனர் வந்து, நான் எடுத்துக்கொண்டுபோய் எங்காவது புதைத்துவிட்டு வரட்டுமா அக்கா என்று கேட்டான். ஒருத்தர் வரவேண்டும், அதுவரை யாரும் பெட்டியைத் தொடக் கூடாது என்றாள். பகல் முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் அண்ணன் படியேறி வந்து, அந்த வீட்டுக்கு வருகிற எல்லோரையும் போல ஸ்வெட்டரைக் கழற்றி வாசலில் மாட்டிவிட்டு உள்ளே நுழைந்தான். அவள் நாற்காலியை விட்டு எழுந்து அவனுக்கு இடம் கொடுத்தாள். அவன் பெட்டி முன்னால் உட்கார்ந்து, போதும் என்கிற வரைக்கும் பார்த்தான்.